திறக்காத எஞ்சின்

மஞ்சள் வண்டிக்குக் கையெழுத்துப் போட மாட்டேன் என்று அவள் சொன்னது அந்த வாரத்தில் மூன்றாவது முறை.

அதிகாரி பட்டறை வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். சட்டையில் கிரீஸ் பட்டுவிடும் என்ற பயத்தில் அவர் ஒருநாளும் உள்ளே வந்ததில்லை.

"மெக்கானிக்கம்மா, நாளைக்குள்ள ரிப்போர்ட் மேல போகணும். ஆறு வண்டி வாங்கணும். எதுன்னு நீங்க சொல்லாம நான் எப்படி எழுதுறது?"

"கறுப்புக்கு இப்பவே போடுறேன் சார். மஞ்சளை இன்னும் திறந்து பார்க்கல."

"திறந்தா வாரண்டி போயிடும்னு விக்கிறவர் எழுதியே கொடுத்திருக்கார்."

"திறக்காம கையெழுத்துப் போட்டா என் தூக்கம் போயிடும் சார்."

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு போனார். அவர்மேலும் தப்பில்லை. மலைமேல் பதினோரு சின்ன ஆஸ்பத்திரிகள். அங்கெல்லாம் ரத்தமும் தடுப்பூசியும் மருந்தும் கீழே இருக்கும் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து மோட்டார் சைக்கிளில்தான் போயாக வேண்டும். பழைய வண்டிகள் இருமி இருமி ஓடிக்கொண்டிருந்தன. பெரிய கம்பெனிகளின் மலைப்பாதை வண்டிகள் கைக்கு எட்டாத விலை. அதனால் மூன்றில் ஒரு பங்கு விலைக்குக் கிடைக்கிற சீன வண்டிகளில் இரண்டை மாதிரிக்கு வரவழைத்திருந்தார்கள்.

கறுப்பு வண்டி, காற்றில் ஆறும் எஞ்சின். ஒற்றை சிலிண்டர், இரண்டு வால்வு, ஐந்து கியர். வால்வைத் திறப்பது மேலே சுழலும் கேம் இல்லை. கீழேயிருந்து உந்தும் இரண்டு கம்பிகள். ஐம்பது வருஷத்துப் பழைய ஏற்பாடு. பெட்ரோல் தொட்டியில் இருநூற்றைம்பது சிசி என்று ஒட்டியிருந்தாலும் அளந்து பார்த்தால் அதைவிட இருபது சிசிக்கு மேல் குறைச்சல். மஞ்சள் வண்டி, தண்ணீரில் ஆறும் எஞ்சின். நான்கு வால்வு, ஆறு கியர், முன்னால் ரேடியேட்டர். கறுப்பைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு சக்தி. கிளப்புவதற்குக் கிக்கர் கிடையாது, பட்டன்தான்.

"அண்ணி, மனசைத் தொட்டுச் சொல்லுங்க. அது வண்டியா, மாவு மெஷினா?" என்றான் சிட்டு. அவள் கணவரின் தம்பி, மலைக்கு ரத்தமும் மருந்தும் கொண்டுபோகிறவர்களில் ஒருவன். ஒல்லியான உடம்பு, எந்தப் பாறையிலும் உட்காராமல் தாவிப் போவதால் கூட வேலை செய்பவர்கள் வைத்த பெயர். "கறுப்பை ஒரு மணி நேரம் ஓட்டிட்டு இறங்கினா கை மரத்துப் போய் டீ கிளாஸைப் பிடிக்க முடியல."

"மரத்துப்போன கை அரை மணி நேரத்துல திரும்பி வந்துடும், தம்பி."

திரும்பி வராத ஒன்றைப் பற்றி அந்தக் குடும்பத்தில் யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், புது வண்டி வந்த முதல் வாரம், அவள் கணவர் மேல் ஆஸ்பத்திரியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார். கல் சரிவு என்று அவர்கள் சொல்லும் இடத்தில் பின்சக்கரம் திடீரென்று பூட்டிக்கொண்டது. வண்டி அவரையும் இழுத்துக்கொண்டு ஓரத்துப் பள்ளத்தில் விழுந்தது. இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். விசாரணை நடந்தது. இறக்கத்தில் தவறான கியருக்கு மாற்றியதால் சக்கரம் பூட்டிக்கொண்டது, ஓட்டியவரின் தவறு என்று எழுதினார்கள். அவரும் ஆமாம் என்று ஒப்புக்கொண்டார். அப்போதிலிருந்து அவர் வயர்லெஸ் அறையில் உட்கார்ந்து மற்றவர்களின் வண்டிகளை வழிநடத்துகிறார்.

அன்று மத்தியானம் ஒன்றே முக்காலுக்கு அந்த அறையிலிருந்து பட்டறைக்கு போன் வந்தது.

"மேல் ஆஸ்பத்திரில ஒரு பொண்ணுக்குப் பிரசவம் ஆகி ரத்தம் நிக்கல," என்றார் கணவர். வேலை நேரத்தில் அவர் குரலில் ஒரு வார்த்தைகூட அதிகமாக இருக்காது. "நாலு பை வேணும். நாலு மணிக்குள்ள போகணும்னு டாக்டர் சொல்றாங்க. காலையில மண் சரிஞ்சு ரோடு அடைச்சுக் கிடக்கு, ஆம்புலன்ஸ் போகாது. மரம் ஏத்துற வண்டி போன பழைய பாதைதான் வழி. மத்த ரெண்டு பேரும் கிழக்குப் பக்கம் போயிருக்காங்க. சிட்டு எங்கே?"

சிட்டு அதற்குள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு மஞ்சள் வண்டியின் பக்கத்தில் நின்றான்.

அதிகாரி ஓடி வந்தார். இந்த முறை உள்ளேயே வந்துவிட்டார். "ரத்தத்தைப் பெட்டியில அடுக்கப் பதினைஞ்சு நிமிஷம் ஆகுமாம். வேகமான வண்டியில போகட்டும்."

"அந்தப் பதினைஞ்சு நிமிஷத்தை எனக்குக் குடுங்க," என்றாள் அவள்.

யாருடைய பதிலுக்கும் காத்திருக்கவில்லை. மஞ்சள் வண்டியைத் தாங்கியில் ஏற்றி, அடித்தகட்டின் நாலு போல்ட்டுகளைக் கழற்றி, தட்டை வைத்து ஆயிலை இறக்கினாள். ஆயில் சல்லடையை மூடியிருந்த பெரிய மூடியில் விற்றவரின் முத்திரைக் காகிதம் ஒட்டியிருந்தது. அதிகாரி தொண்டையைச் செருமினார். அவள் ஸ்பானரை வைத்துத் திருப்பினாள். காகிதம் கிழிந்தது.

சல்லடை வெளியே வந்தது. விரல் நீளம்கூட இல்லாத கம்பி வலை. அதன் கால்வாசியில் சாம்பல் நிறத்தில் ஏதோ நூல் நூலாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

சிட்டு குனிந்து பார்த்தான். "என்ன அண்ணி இது?"

"பசை. எஞ்சினோட ரெண்டு பாதியையும் ஒட்டுறதுக்குத் தடவுவாங்க. அளவா தடவணும். அள்ளி அப்பிட்டா மிச்சம் உள்பக்கம் பிதுங்கும். காஞ்சு உதிர்ந்து ஆயில்ல ஓடும். சல்லடையை அடைக்கும். ஆயில் போகாத எஞ்சின் சூட்டுல இறுகிப்போகும்."

"இறுகினா?"

"பின்சக்கரம் பூட்டிக்கும்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. சிட்டு நிமிரவில்லை. சல்லடையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மெதுவாக, அதிகாரிக்குக் கேட்காத குரலில் கேட்டான்.

"அண்ணன் வண்டியிலயும் இதுதானா?"

அவள் பெட்ரோலில் சல்லடையைக் கழுவினாள். பெட்ரோல் புறங்கையில் வழிந்தது. கழுவிய சல்லடையையே மறுபடி கழுவினாள். அதுவே பதிலாகிவிட்டது.

விபத்து நடந்த அன்று கணவருக்கு ஆபரேஷன் நடந்துகொண்டிருந்தபோது அவள் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார முடியாமல் பட்டறைக்கு வந்து, தூக்கி வரப்பட்ட வண்டியைத் தனியாகத் திறந்து பார்த்தாள். சல்லடை முழுவதும் சாம்பல் பசை. வண்டி வந்த அன்றைக்கு 'எஞ்சின் சோதிக்கப்பட்டது' என்று பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டவள் அவள்தான். திறந்து பார்க்காமலே போட்ட கையெழுத்து. புது வண்டிதானே என்ற அலட்சியம். அன்று சல்லடையைத் துடைத்து, மூடியை மூடி, கையைக் கழுவிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குத் திரும்பிவிட்டாள். நாளைக்குச் சொல்லலாம், தையல் பிரித்ததும் சொல்லலாம், நடக்கப் பழகியதும் சொல்லலாம் என்று இரண்டு வருஷம் ஓடிவிட்டது.

புது ஆயிலை ஊற்றி மூடியை இறுக்கினாள். "உள்ளே இன்னும் எவ்வளவு இருக்குன்னு தெரியாது. முழுசாத் திறக்க ஒருநாள் வேணும்," என்றாள் அதிகாரியிடம். "நாலு பையையும் ஒரே வண்டியில ஏத்தாதீங்க சார். ரெண்டு இதுல, ரெண்டு கறுப்புல."

"கறுப்பை யார் ஓட்டுறது?"

"நான்."

அதிகாரி அவளைப் பார்த்தார். அவள் ஓட்டுவாள் என்பது எல்லோருக்கும் தெரியும். பழுது பார்த்த வண்டிகளைக் கீழ்ச் சாலையில் ஓட்டிப் பார்ப்பது அவள் வேலை. ஆனால் கல் சரிவுப் பக்கம் இரண்டு வருஷமாக அவள் தலைவைத்துக்கூடப் படுத்ததில்லை.

கிளம்பும்போது சிட்டுவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "ரெண்டு விரல் எப்பவும் கிளட்ச் மேலயே இருக்கட்டும். சத்தம் கொஞ்சம் மாறினாலும் பிடிச்சுடு. பிடிச்சா சக்கரம் விடுபட்டுடும்."

அவன் தலையாட்டினான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

இரண்டு பத்துக்குக் கிளம்பினார்கள்.

முதல் வளைவு தாண்டுவதற்குள் மஞ்சள் வண்டி கண்ணுக்கு மறைந்துவிட்டது. அதன் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் மரங்களுக்கு நடுவே கேட்டது. மேலே மேலே ஏறுகிற கூர்மையான சத்தம். நல்ல எஞ்சின்தான். அதை அவள் ஒருபோதும் மறுத்ததில்லை. தன் கீழே இருந்த கறுப்பு, ஓடுகிறது என்று சொல்வதைவிட உழுகிறது என்று சொல்லலாம். கைப்பிடியின் அதிர்வு தோள்வரை ஏறியது. குழியில் விழும்போதெல்லாம் பின் ஷாக் அப்சார்பர் அடிமட்டம் தட்டி, முதுகெலும்பில் அடித்தது. ஆனால் எந்த இடத்தில் கைப்பிடியைத் திருகினாலும் அதே இழுப்பு, ஏற்றத்தாழ்வு இல்லாத அதே குணம்.

தோள்பட்டையில் கட்டியிருந்த வயர்லெஸ் கரகரத்தது.

"மஞ்சள், எங்கே இருக்கே?"

"ஆறாவது கிலோமீட்டர் அண்ணா." சிட்டுவின் குரல்.

"கறுப்பு?"

"நாலு," என்றாள் அவள்.

கறுப்பில் யார் போகிறார்கள் என்று அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை போலும்.

"நீயா?"

"நான்தாங்க."

"சரி," என்றார். அவ்வளவுதான்.

பத்து நிமிஷம் கழித்து அவர் மறுபடி கூப்பிட்டார். "மஞ்சள்?" பதில் இல்லை. "மஞ்சள், கேக்குதா?" கரகரப்பு மட்டும். மூன்றாவது தடவையும் கூப்பிட்டார். பிறகு, "கறுப்பு, உனக்கு அவன் தெரியுறானா?"

"தெரியல."

அவள் கண் பாதையைவிட்டு நகரவில்லை. பூட்டிக்கொண்ட சக்கரம் மண்ணில் போடும் கோடு எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். அதை ஒருமுறை பார்த்திருக்கிறாள். அடுத்த திருப்பத்தில் அப்படியொரு கோடு இருந்தது. நீளமாக, ஆழமாக, ஓரத்தை நோக்கி. அவள் பிரேக்கை அழுத்திவிட்டாள். எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்க, கோட்டின் முடிவுவரை கண்ணால் தொடர்ந்தாள். ஓரத்துக்கு ஒரு முழம் முன்னால் கோடு நின்று, டயரின் சாதாரணத் தடம் தொடங்கி வளைந்து போயிருந்தது. வெறும் பிரேக் அடித்த தடம். அவள் பிரேக்கை விட்டு மறுபடி கைப்பிடியைத் திருகினாள்.

ஓடையில்தான் அவனைக் கண்டாள். அக்கரையில் மஞ்சள் வண்டி பாதி தண்ணீரில் சாய்ந்து கிடந்தது. சிட்டு ஒரு பாறைமேல் உட்கார்ந்து, குளிர்பெட்டியை மடியில் வைத்து வலது கையால் அணைத்துக்கொண்டிருந்தான். இடது மணிக்கட்டு வீங்கியிருந்தது.

அவள் இறங்கி ஆழம் பார்த்து, முதல் கியரில், முழங்கால்வரை நனைந்து, மெதுவாக அக்கரைக்கு வந்தாள்.

"வேகமா இறங்கிட்டேன் அண்ணி. தண்ணி எழும்பி ஏர் ஃபில்டருக்குள்ள போயிடுச்சு. நடு ஓடையில நின்னுபோய்க் கீழ விழுந்துட்டேன். இங்க வரைக்கும்தான் தள்ள முடிஞ்சது." அவன் பல்லைக் கடித்துக்கொண்டு பேசினான். "பெட்டி நனையல. வயர்லெஸ்தான் முங்கிடுச்சு."

"பட்டனை அழுத்தினியா?"

"ஒரே ஒரு தடவை. உடனே விட்டுட்டேன்."

சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் பட்டனை அழுத்துவது பிஸ்டனைத் தாங்கும் கம்பியை வளைக்கும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்ற வேண்டும். மஞ்சள் வண்டியின் பிளக் தொட்டிக்கு அடியில், இரண்டு கேம்களுக்கு நடுவே, ஆழமான குழிக்குள் இருந்தது. வண்டியோடு வந்த ஸ்பானர் அந்தக் குழிக்குள் இறங்கவே இல்லை. கறுப்பின் பிளக் வெளியே தெரிகிற இடத்தில், கைக்கு எட்டுகிற மாதிரி இருந்தது. தொழிற்சாலையில் யாரோ எடுத்த ஒரு சின்ன முடிவு இங்கே ஓர் உயிரின் நேரத்தைத் தின்றுகொண்டிருந்தது.

மணி மூன்றாகப் பத்து நிமிஷம்.

"விடு. நீ கறுப்பை எடுத்துக்கிட்டுப் போ," என்றாள்.

அவன் இடது கையைத் தூக்கிக் காட்டினான். விரல்கள் மடங்கவில்லை. "கிளட்ச் பிடிக்க முடியாது அண்ணி. நீங்கதான் போகணும்."

"கல் சரிவுலயா? என்னாலயா?"

"வேற யாரு இருக்காங்க?"

அவள் பெட்டி பின்சீட்டில் கட்டியிருந்தது; அவன் பெட்டியை வாங்கி மார்பில் பட்டையால் இறுக்கிக்கொண்டாள். கை வேலை செய்துகொண்டிருந்தபோதே அவன் சொன்னான்:

"அண்ணன்கிட்ட நான் சொல்ல மாட்டேன். ஆனா நீங்க சொல்லியே ஆகணும்."

அவள் வண்டியைக் கிளப்பினாள்.

சரிவின் அடிவாரத்தை அடைந்தபோது மூன்று இருபத்தைந்து. ஒன்றரைக் கிலோமீட்டர் தூரத்துக்கு ஏற்றம். முழுக்க உருண்டைக் கல். மிதித்தால் நழுவும், நின்றால் உருளும். அவள் வயர்லெஸ்ஸை அழுத்தி, சிட்டு பத்திரமாக இருக்கிறான், நாலு பையும் என்னிடம் இருக்கிறது, சரிவில் ஏறப்போகிறேன் என்று சொன்னாள்.

எதிர்முனையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"நான் சொல்றபடி வா," என்றார். "ரெண்டாவது கியர். நடுவுல போகாதே, நடுவுலதான் கல்லு அதிகம். வலது பக்கம் பாறையை ஒட்டி ஒரு சாண் அகலத்துக்குக் கெட்டி மண் இருக்கும். இருக்கா?"

"இருக்கு."

"அதை விடாதே. எழுந்து நில்லு. முழங்காலைத் தளர்த்து."

ஏறினாள். கறுப்பு முனகியது. முன்சக்கரம் இங்கும் அங்கும் தாவியது. நூறு மீட்டர், இருநூறு. இங்கேதான் மஞ்சளின் சக்தி வேண்டியிருந்தது. கறுப்பு மூச்சு முட்டி, வேகம் குறைந்து, நடக்கிற வேகத்துக்கு வந்துவிட்டது. எஞ்சினின் சூடு காலைச் சுட்டது. கீழே எங்கேயோ 'டிங்' என்று ஒரு சத்தம். பின்சக்கரத்தில் ஒரு ஸ்போக் போய்விட்டது. கொஞ்சம் கழித்து இன்னொன்று.

பாதி உயரத்தில் ஒரு கல் புரண்டது. வண்டி இடதுபக்கம் சாய, அவள் மார்புப் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு முதுகில் விழுந்தாள். எஞ்சின் அணைந்தது. திடீரென்று எங்கும் நிசப்தம். கற்கள் உருண்டு பள்ளத்தில் விழும் சத்தம் மட்டும் வெகுநேரம் கேட்டது.

பள்ளம் இரண்டடி தள்ளி இருந்தது. அவர் விழுந்த அதே பள்ளம்.

"என்ன ஆச்சு?"

"விழுந்துட்டேன். ரெண்டு பெட்டியும் நல்லா இருக்கு."

"அடிபட்டுச்சா?"

"இல்ல."

வண்டியை நிமிர்த்தினாள். பட்டனை அழுத்தினாள். சூடான எஞ்சின் சுற்றியதே தவிரப் பிடிக்கவில்லை. மறுபடி அழுத்தினாள். பாட்டரி இளைத்தது. கிக்கரை இழுத்து, சரிவில் ஒரு காலை ஊன்றி, உதைத்தாள். கால் வழுக்கியது. இன்னொரு உதை. இல்லை.

"நீ எங்க நிக்கிறேன்னு எனக்குத் தெரியும்," என்றார் அவர். அவர் குரல் மாறியிருந்தது. "வலது பக்கம் வெள்ளைப் பாறை, சரியா? அங்கதான். பயப்படாதே. நான் பண்ண தப்பை நீ பண்ணாதே, அவ்வளவுதான். நான் அவசரப்பட்டுக் கியரை மாத்தினேன். நீ..."

"நீங்க தப்புப் பண்ணல."

"என்ன?"

"நீங்க தப்பே பண்ணலங்க." அவள் கிக்கரின்மேல் காலை வைத்தபடி நின்றிருந்தாள். கண்ணீரா வியர்வையா என்று தெரியாத ஏதோ ஹெல்மெட்டுக்குள் வழிந்தது. "கியரால இல்ல. எஞ்சின் இறுகிப்போச்சு. ஆயில் போகல. உங்களை ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோனப்ப நான் திறந்து பாத்தேன். பசை அடைச்சிருந்துச்சு. வண்டி வந்த அன்னிக்கே நான் பாத்திருக்கணும். பாக்காமயே பாத்தேன்னு எழுதினேன். பயந்துபோய் யாருகிட்டயும் சொல்லல."

கரகரப்பு.

அவள் காத்திருந்தாள். பத்து விநாடியா, ஒரு நிமிஷமா தெரியவில்லை. அந்த நேரத்தில் வயர்லெஸ் அறையில் அவர் முகம் எப்படி இருந்தது என்று பின்னாலும் யாரும் அவளுக்குச் சொல்லவில்லை.

பிறகு அவர் குரல் வந்தது. தட்டையாக, வேலை நேரத்துக் குரல்.

"கைப்பிடியைத் திருகாதே. சோக்கைப் போடாதே. கிக்கரை மேல கொண்டுவந்து, கெட்டியா நிக்கிற இடத்துலேர்ந்து முழுசா ஒரே மிதி."

மிதித்தாள். கறுப்பு பிடித்துக்கொண்டது.

"முதல் கியர். ஏறி உக்காராதே. பக்கத்துல நடந்துக்கிட்டே கிளட்ச்சைக் கொஞ்சம் கொஞ்சமா விடு. உன் வெயிட் இல்லாம அது ஏறும்."

அவள் வண்டியின் பக்கத்தில் ஓடினாள், தடுக்கினாள், மறுபடி ஓடினாள். உச்சிவரைக்கும் அவர் சொல்லிக்கொண்டே வந்தார்: இடது, வலது, நில்லு, இப்ப விடு. அதைத் தவிர ஒரு வார்த்தை இல்லை. சரிவின் உச்சியில் அவள் ஏறி உட்கார்ந்ததும், "மேல நேர் பாதைதான். இனி நான் வேணாம்," என்றார். வயர்லெஸ் அணைந்தது.

மூன்று ஐம்பத்திரண்டுக்கு ஆஸ்பத்திரி வாசலில் டாக்டரம்மாவே நின்றிருந்தார். இரண்டு பெட்டிகளையும் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு உள்ளே ஓடினார். அவள் படிக்கட்டில் உட்கார்ந்தாள். கைகள் கைப்பிடியைப் பிடித்த வாக்கிலேயே மடங்கியிருந்தன. உள்ளே ஒரு குழந்தை விட்டுவிட்டு அழுதது. பக்கத்தில் ஒருவர், அந்தப் பெண்ணின் அப்பாவாக இருக்க வேண்டும், அவளிடம் எதுவும் கேட்காமல் ஒரு தம்ளர் தண்ணீரை நீட்டினார். அவள் பிடிக்க முயன்றாள், முடியவில்லை. அவரே அவள் வாய்க்கருகே பிடித்தார்.

ஐந்து மணிக்கு டாக்டரம்மா வெளியே வந்தார். "நின்னுடுச்சு. பொழச்சுக்குவா," என்றார். அந்த அப்பா சுவரோடு சரிந்து உட்கார்ந்தார்.

சிட்டுவை மரம் வெட்டுகிறவர்கள் கீழே கூட்டிப் போய்விட்டதாக ஆஸ்பத்திரி போனில் செய்தி வந்தது. மணிக்கட்டில் கீறல் முறிவு. மறுநாள் காலை மண் அள்ளிய சாலை வழியாக அவள் இறங்கி வந்தாள். நேரே வயர்லெஸ் அறைக்குப் போனாள்.

அவர் திரும்பவில்லை.

"ரெண்டு வருஷம்," என்றார். "தூக்கத்துல என் இடது கை மூடி மூடித் திறக்கும். கிளட்ச்சைப் பிடிச்சிருந்தா, கியரை மாத்தாம இருந்திருந்தான்னு. உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"பக்கத்துல படுத்துப் பாத்துக்கிட்டு இருந்தே."

"ஆமாங்க."

அவர் அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அன்று சாயங்காலம் இரண்டு சட்டையைப் பையில் வைத்துக்கொண்டு தம்பியின் அறைக்குப் போய்விட்டார். அடிபட்ட தம்பிக்குத் துணையாக என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள்.

அவள் இரண்டு வண்டிகளையும் முழுசாகப் பிரித்தாள். கறுப்பில் நாலு ஸ்போக் உடைந்திருந்தது, பின் ஷாக்கில் எண்ணெய் கசிந்தது, கைப்பிடியைத் தாங்கும் முன் கழுத்து போல்ட் தளர்ந்திருந்தது. எஞ்சின் மட்டும் ஒரு கீறல் இல்லாமல் இருந்தது. மஞ்சளில் ஆயில் போகும் பாதையில் இன்னும் இரண்டு இடத்தில் பசை தொங்கியது. சரிவில் அது அறுந்து அடைத்திருக்குமா, அடைத்திருக்காதா என்று யாராலும் சொல்ல முடியாது.

அதிகாரி கறுப்பு வண்டியே ஆறு வாங்கலாம் என்று ஏற்கெனவே மனசுக்குள் முடிவு பண்ணிவிட்டார். "கண்ணால பாத்தாச்சே! ஒரு வரி எழுதிக் குடுங்க, போதும்."

அவள் ஒரு வரி எழுதவில்லை. மூன்று பக்கம் எழுதினாள். மேல்பாதைக்குக் கறுப்புதான் சரி, ஆனால் ஸ்போக்கையும் பின் ஷாக்கையும் மாற்றாமல் அனுப்பக் கூடாது. சரிவில் அது கிட்டத்தட்ட தோற்றுவிட்டது. மஞ்சளின் எஞ்சின் அதைவிட வலுவானது. ஓடை இல்லாத கிழக்குப் பாதைக்கு, பட்டறை பக்கத்தில் இருக்கும்போது, அது நல்ல வண்டி. எந்த வண்டியானாலும் முழுசாகத் திறந்து பார்க்காமல் ஒரு கிலோமீட்டர்கூட ஓடக் கூடாது. ஏன் என்றால், என்று தொடங்கி, மூன்றாம் பக்கத்தில் இரண்டு வருஷத்துக்கு முன்னால் தான் செய்ததையும் செய்யாததையும் தேதி போட்டு எழுதியிருந்தாள்.

அதிகாரி கடைசிப் பக்கத்தை இரண்டு தடவை படித்தார். "இதை எழுதித்தான் ஆகணுமா? முதல் ரெண்டு பக்கமே போதும். இது உங்க வேலைக்கே உலை வைக்கும்."

"அவர் பேர்ல இருக்கிற அந்த வரியை அடிக்கணும் சார். அதுக்கு இது வேணும்."

மேலிடம் அவளை மூன்று மாசம் சம்பளமில்லாமல் நிறுத்தியது. அதற்கப்புறமும் ஒரு வருஷத்துக்குத் தனியாகக் கையெழுத்துப் போடும் உரிமை கிடையாது. பக்கத்தில் இன்னொருவரும் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். விசாரணைக் குறிப்பில் 'ஓட்டியவரின் தவறு' என்ற வரி நீக்கப்பட்டதாக அவள் கணவருக்குத் தனியாக ஒரு கடிதம் போனது.

கடிதம் வந்து நாலு நாள் கழித்து அவர் வீட்டுக்கு வந்தார். கதவைத் தட்டினார், தன் வீட்டுக் கதவை அவர் தட்டியது அதுவே முதல் தடவை. உள்ளே வந்து, ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்து, உட்கார்ந்தார்.

"மன்னிச்சிட்டேன்னு நினைச்சுக்காதே," என்றார்.

"நினைக்கல."

"கோபம் இருக்கு. எப்பப் போகும்னு எனக்கே தெரியல. ஆனா அங்கே இருந்தாலும் அது கூடவேதான் இருக்கு. இங்கேயே இருந்துட்டுப் போகட்டும்."

அவள் அடுப்பை ஏற்றப் போனாள். அவர் கூப்பிட்டார்.

"உன்னோட சேர்ந்து கையெழுத்துப் போட ஆள் வேணும்னு ஆபீஸ்ல கேட்டாங்க. என் பேரைக் குடுத்திருக்கேன். எஞ்சினைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. மூணு மாசத்துக்குள்ள கத்துக் குடுத்துடணும். நீ சொன்னதை நம்பிக் கையெழுத்துப் போடுற ஆள் நான் இல்ல, சொல்லிட்டேன்."

"வேணாம். நம்பவே வேணாம்," என்றாள் அவள். "ஒவ்வொண்ணையும் கேளுங்க."